வெள்ளிக்கிழமை பெஞ்சு: கல்லீரல் ஓ.பி.யில் பணிபுரிபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லீரல் நோய்ப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அங்கே எந்த நாற்காலியை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு மருத்துவமனையின் கல்லீரல் ஓ.பி.யில் நாங்கள் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிஸ்டர் வெளியே வந்து கடிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. காலையிலிருந்து உட்கார நேரமில்லாமல் நின்றுகொண்டிருந்த பெண். ஆனால் அந்தச் சிரிப்பு சட்டென்று அணைந்துபோனது வீட்டுக்கு வந்த பிறகும் என் மனதை விட்டுப் போகவில்லை.

என் தங்கை மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. துணைக்கு நான் போயிருந்தேன். டோக்கன் எண் ஓடும் திரையைப் பார்த்தபடி வரிசையாக இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அவள் ஃபைலைத் துணிப்பைக்குள் தலைகீழாகச் செருகி வைத்திருந்தாள். அட்டையில் நோயின் பெயரைச் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டு நாற்காலி தள்ளி இன்னொரு பெண், அவளும் கர்ப்பிணி. அவள் கையிலும் அதே சிவப்பு எழுத்து. இரண்டு பேரும் ஒருவர் ஃபைலை ஒருவர் பார்த்தார்கள், உடனே குனிந்துகொண்டார்கள். இரண்டு மணி நேரம் அப்படியே போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "உங்க ரெண்டு பேர்ல யாருக்கும்மா லட்சம் ஜாஸ்தி?" என்று கேட்டேன். விழித்தார்கள். அப்புறம் கதையைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சிஸ்டர் வந்தார்.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

1991-இல் என் மகள் பிறந்தபோது எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அந்த ரத்தத்தோடு ஹெபடைடிஸ் சி வைரஸும் எனக்குள் வந்துவிட்டது. அந்த வைரஸையே 1989-இல்தான் கண்டுபிடித்திருந்தார்கள். தானமாக வந்த ரத்தத்தில் அது இருக்கிறதா என்று பார்ப்பது அப்போது நம் ஊரில் வழக்கத்துக்கே வரவில்லை. அந்த ரத்தம் இல்லையென்றால் நானும் இல்லை, என் மகளும் தாயில்லாமல் வளர்ந்திருப்பாள். அதைக் கொடுத்தவரை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன். இருபது வருடம் அந்த வைரஸ் என்னை ஒன்றும் செய்யாததுபோல உள்ளேயே இருந்தது. 2011 கடைசியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று போனபோது கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காலத்து வைத்தியம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை. எனக்குக் காலையில் இரண்டு, ராத்திரி மூன்று. இப்படி 48 வாரம். 2012 ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடித்தேன். ஊசி போட்ட நாலைந்து மணி நேரத்தில் குளிர் தூக்கிப் போடும், காய்ச்சல் அடிக்கும். சனி, ஞாயிறு படுத்துக் கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகலாமே என்று வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். என்னைப்போலவே யோசித்த இன்னும் மூன்று பேர் அங்கே இருந்தார்கள்.

ஊசி அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. ஒரு கால் கொஞ்சம் குட்டை, அட்டை மடித்துக் கொடுத்திருந்தார்கள். நாலு பேர் நெருக்கி உட்காரலாம். தபால் துறையில் ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், அப்புறம் ஒரு தம்பி. தம்பிக்கு ஹெபடைடிஸ் பி. துபாய் வேலைக்காக விசா மெடிக்கல் போனவனுக்கு 'அன்ஃபிட்' என்று முத்திரை குத்தி அனுப்பியபோதுதான் நோய் இருப்பதே தெரிந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் விலகிவிட்டார்கள். வந்த புதிதில் யாரோடும் பேசமாட்டான்.

ஊசி மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். எல்லோர் மடியிலும் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும், உள்ளே ஐஸ் பேக். முதல் வாரம் நாலு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தோம். அண்ணன்தான் ஆரம்பித்தார். "பஸ்ல கண்டக்டர் கேக்குறான் டீச்சர், 'என்னண்ணே, பெட்டியில மீனா?'ன்னு. ஆமாப்பா, ஒரு மீன் பத்தாயிரத்துக்கு மேலன்னு சொல்லிட்டேன்." ஊசி விலை அப்போது அப்படித்தான் இருந்தது. சொந்த ஆட்டோவை விற்றுவிட்டு வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். அதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

மறு வாரம் ரிப்போர்ட் பற்றிய பேச்சு வந்தது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் வைரல் லோடு பரிசோதனை. எனக்கு 18 லட்சம். ஐயாவுக்கு 40 லட்சத்தைத் தாண்டியிருந்தது. "அடேங்கப்பா, நம்ம பெஞ்சுல ஐயாதான் பெரிய லட்சாதிபதி. எனக்கு வெறும் ஆறு லட்சம்தான்" என்றார் அண்ணன். "பேங்க்ல சேராதது ரத்தத்துலயாவது சேர்ந்துச்சே" என்று ஐயா பதில் சொன்னார். அன்றைக்குத்தான் தம்பி முதன்முதலாகச் சிரித்தான். அவனுடையது கோடியைத் தொட்டிருந்தது. வெட்கத்தோடு சொன்னான். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று அவனுக்குக் கும்பிடு போட்டோம்.

போன மாதம் அந்த இரண்டு பெண்களிடமும் நான் சொன்னது இதைத்தான்.

பெஞ்சில் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. யாருக்கு நோய் எப்படி வந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. வெளியே எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். குடிப்பியா, ஊசி போட்டுக்குவியா, எங்கெங்கே போனாய் என்று. எங்களுக்குள் யாரும் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து வாரம் போன பிறகு ஒவ்வொருவரும் தானாகவே சொன்னோம்.

கீழாநெல்லிக் கணக்கும் அங்கேதான் ஆரம்பமானது. காமாலை என்ற வார்த்தை காதில் விழுந்தாலே நம் ஊரில் கீழாநெல்லி சொல்லாத ஆள் கிடையாது. அரைத்து மோரில் குடி, உப்பைத் தள்ளு, எண்ணெய் தாளிதம் கூடாது என்பார்கள். அன்பால் சொல்கிறார்கள், கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஐயா சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தார். "இந்த வாரம் எத்தனை பேரு?" என்று கேட்டு நாலு பேர் எண்ணிக்கையையும் எழுதுவார். பொங்கல் வாரத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துபோனதில் என் கணக்கு மட்டும் 11. அந்த எண்ணிக்கை இருந்ததால் அடுத்தவர் வந்து சொல்லும்போது எரிச்சல் வரவில்லை, இன்னொன்று கூடியது என்று சந்தோஷமே வந்தது. (கீழாநெல்லியை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. 1988-இல் சென்னை ஆய்வாளர்களே ஹெபடைடிஸ் பி-க்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை எனக்குச் சொன்னது என் டாக்டர். ஏளனம் செய்யாமல் அவர் அதைப் பொறுமையாக விளக்கியதால்தான் நான் ஊசியை நிறுத்தாமல் இருந்தேன்.)

அடுத்தது மாத்திரைக் கோபம். ரிபாவிரின் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது என்ன மாதிரிக் கோபம் என்று. பன்னிரண்டாவது வாரத்தில், சாம்பாரில் உப்பு குறைந்ததற்காக நான் தட்டைத் தள்ளிவிட்டேன். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் நடந்ததில்லை. வெள்ளிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் சொன்னார்: "டீச்சர், அது நீங்க பேசல. மாத்திரை பேசிச்சு. நேத்து என் மாத்திரை ஒரு டிராஃபிக் போலீஸ்காரர்கிட்டயே பேசிடுச்சு."

அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். நான் குரலை உயர்த்தினால், "இப்போ பேசுறது நீயா, மாத்திரையா?" என்று கேட்பார். சில நாள் "மாத்திரை" என்பேன், அவர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். சில நாள் "நான்தான்" என்பேன், உட்கார்ந்து கேட்பார். எங்கள் வீடு அந்த வருடம் உடையாமல் இருந்ததில் அந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்டர்ஃபெரான் மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பது மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது. படிப்பது வேறு, அது வந்து உட்காருவது வேறு. முப்பதாவது வாரம் வாக்கில் ஒரு ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, இனி எதற்கு இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. மணி ஒன்றரை. அண்ணன் ராத்திரி சவாரியில் இருப்பார் என்று தெரியும். போன் போட்டேன். ஸ்டாண்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். "இதுவும் மாத்திரையும் ஊசியும் பேசுறதுதான் டீச்சர். காலையில நீங்க பேசுவீங்க. அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்." இருந்தார். அன்றைக்கு அவருக்குச் சவாரி எவ்வளவு போனதோ தெரியாது. மறுநாள் என் கணவர் டாக்டரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வுக்கு மருந்து சேர்த்துக் கொடுத்தார், மெதுவாகச் சரியானது. டாக்டர் மாதம் தவறாமல் "தூக்கம் வருதா?" என்று கேட்டவர்தான். அவரிடம் "வருது" என்று சொன்ன நான், அண்ணனிடம் பொய் சொல்லவில்லை. நீங்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அண்ணனுடைய பன்னிரண்டாவது வார ரிப்போர்ட் வந்த நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. லேபிலிருந்து காகிதத்தை உயர்த்திப் பிடித்தபடி ஓடி வந்தார். "டீச்சர்! நான் திவாலாயிட்டேன்! ஒரு பைசா இல்ல!" வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் பாவம் என்று அவரைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி "முருகா" என்றே சொல்லிவிட்டார். நாங்கள் மூன்று பேர் கைதட்டினோம். காகிதத்தில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று இருந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு வைரஸ் மறைவதற்குப் பெயர் திவால்.

ஐயா திவாலாகவில்லை. 24-ஆவது வாரமும் அவர் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. அதற்கு மேல் ஊசி போட்டுப் பயனில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் அந்த வைத்தியம் பலருக்குக் கைகொடுக்கவில்லை. முடி கொட்டி, எட்டு கிலோ இளைத்து, ஐந்தரை மாதம் அத்தனையும் பட்ட பிறகு, இல்லை என்று சொன்னார்கள். "சரி, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து நின்றார். மடியில் அதே தெர்மாகோல் பெட்டி. திறந்தார். உள்ளே செய்தித்தாள் விரித்து, அதன் மேல் அவர் மனைவி சுட்ட தேன்குழல். "இந்தப் பெட்டிக்கு வெள்ளிக்கிழமை வெளிய வந்தே பழகிப்போச்சு" என்று சொல்லி முதலில் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி கை நீட்டவில்லை. அவன் வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், துணி துவைக்கத் தனி வாளி. ஏழு மாதமாக யாரும் ஒரே பாத்திரத்திலிருந்து அவனுக்கு எடுத்துக் கொடுத்ததில்லை. என் வீட்டிலும் சில மாதம் எனக்கென்று ஒரு டம்ளரில் நூல் கட்டி வைத்திருந்தார்கள். ஹெபடைடிஸ் பி-யோ சி-யோ சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ பரவாது. ரத்தத்தின் வழியே வருவது. ஷேவிங் பிளேடு, ஊசி போன்றவற்றைப் பகிரக் கூடாது. பி உடலுறவு வழியாகவும் தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நோயாளியிடம் இதைச் சொல்லும் நீங்கள் கூட வந்தவரிடமும் சொன்னால் எத்தனையோ வீட்டில் அந்த நூல் அவிழும்.

"எடுடா. தேன்குழல்ல ஏறி வர அதுக்குத் தெரியாது" என்றார் அண்ணன். தம்பி ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்தான். மீதிப் பாதியை ஐயா அவன் கையிலிருந்து வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. தம்பி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

என் 48-ஆவது ஊசிவரை ஐயா ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை.

பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது, ஒரு மாத்திரை ஆயிரம் டாலர் என்று பேப்பரில் படித்துப் பெருமூச்சு விட்டோம். 2015-இல் நம் நாட்டுக் கம்பெனிகளே அதைத் தயாரித்து மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தன. 2016-இல் ஐயா 12 வாரம், நாளுக்கு ஒன்றாக 84 மாத்திரை சாப்பிட்டார். ஊசி இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு முறை வைத்து எங்களில் ஒருவர் போன் செய்து "போட்டாச்சா?" என்று கேட்போம். எழுபத்தோரு வயதில் அவர் திவாலானார். தம்பிக்கு ஊசியில் முழுப் பலன் கிடைக்கவில்லை, இன்றுவரை தினம் ஒரு மாத்திரை. வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். 2020 அக்டோபரில், கொரோனா நேரத்தில், அண்ணன் போன் செய்தார்: "டீச்சர், நம்ம வைரஸைக் கண்டுபிடிச்சவங்களுக்கு நோபல் பரிசாம்! நமக்கும் பங்கு உண்டுல்ல?"

2018 ஜூலை 28-இல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் கீழ் பி-க்கும் சி-க்கும் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். நகையை அடகு வைத்து ஊசி வாங்கிய எனக்கு அதன் அருமை தெரியும். அதற்காக உங்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் வைத்தியம் சுலபமானதோடு பெஞ்சும் போய்விட்டது. சி-க்குப் பெரும்பாலானவர்கள் மாதம் ஒரு தரம் வந்து மாத்திரை வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு 12 வாரத்தில் முடிந்துவிடும், சரி. பி-க்காரர்கள்? வருடக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது, அதனால் இது எதற்கு என்று தோன்றும். யாரிடமும் சொல்லாத நோய் என்பதால் "போட்டாச்சா?" என்று கேட்கவும் ஆளிருக்காது. சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் சீறிக் கிளம்பிக் கல்லீரலே போகலாம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி இரண்டு முறை நிறுத்தப் பார்த்தான். இரண்டு முறையும் அண்ணன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியமில்லை. நீண்ட நாள் மருந்து எடுப்பவர்களுக்கு வாரத்தில் ஒரே நாளைக் கொடுங்கள், அவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும். அந்த ஒரு நாளைக்காவது நான்கு நாற்காலியை எதிரெதிராகத் திருப்பிப் போடுங்கள். ஃபைல் அட்டையில் நோயின் பெயரை எழுதாதீர்கள், எண் போதும். காசநோய்க்கு, குணமானவர்களையே பழக்கி 'டிபி சாம்பியன்' என்று புது நோயாளிகளிடம் பேச வைக்கிறார்கள். கல்லீரல் ஓ.பி.யிலும் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் மருந்து சொல்ல மாட்டோம். டாக்டரிடம் "தூக்கம் வருது" என்று பொய் சொல்பவர்கள் எங்களிடம் உண்மையைச் சொல்வார்கள், நாங்கள் அவர்களை உங்களிடம் கூட்டி வருவோம். சிரிப்புச் சத்தம் தொந்தரவு என்றால் வராந்தாக் கடைசியில் இடம் கொடுங்கள், மரத்தடியில் கொடுத்தாலும் சரி.

என் தங்கை மகளும் அந்த இன்னொரு பெண்ணும் அன்றைக்கு நம்பர் வாங்கிக்கொண்டார்கள். இருவருக்கும் பிரசவ தேதி பதினைந்து நாள் வித்தியாசம்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும் என்பதை ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் நினைவூட்ட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். வைரல் லோடு ரிப்போர்ட் போன வாரம் வந்தது. "பெரியம்மா, அவளைவிட நான் மூணு லட்சம் ஜாஸ்தி" என்று போனில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு இப்போது மறுபடியும் சொந்த ஆட்டோ, அவரே கூட்டி வருவதாகச் சொல்கிறார். ஐயா வீட்டு அம்மாவிடமும் பேசிவிட்டேன். உங்களில் யார் கூப்பிட்டாலும், ஒன்பதரைக்குத் தேன்குழல் பெட்டியோடு வந்துவிடுவோம்.

அன்புடன்,
வெள்ளிக்கிழமை பெஞ்சின் டீச்சர்